ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று, காப்பீடும் இருக்கிறது: நெல்லை, தென்காசி வட்டாரத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பில்லைப் பற்றிய சண்டையெல்லாம் டிஸ்சார்ஜ் அன்று கவுண்டரில்தான் நடக்கிறது. ஆனால் அந்தப் பில் எவ்வளவு வரும் என்பது பெரும்பாலும் அட்மிஷன் போடும் முன்பே முடிவாகிவிடுகிறது. எந்த அறை, எந்த அட்டை, படிவத்தில் என்ன எழுதினார்கள், எந்த டாக்டர் கையில் ஒப்படைத்தோம் என்பதெல்லாம் சேர்ந்துதான் தொகை. ஆகவே இங்கே பாதிக்கு மேல் அட்மிஷனுக்கு முந்திய வேலைகள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருக்கு, தனியார் பாலிசியும் இருக்கு. எதைக் காட்டணும்?

நீங்கள் போகும் ஆஸ்பத்திரி முதலமைச்சர் திட்டத்தில் இருக்கிறதா, அந்த ஆபரேஷன் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரி என்றால் அட்டையைக் காட்டுவதே நல்லது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பு கிடையாது. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு பேக்கேஜ் தொகை குறித்திருக்கும். அதற்கு மேல் நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது.

ஓர் ஆஸ்பத்திரி ‘திட்டத்தில் இருக்கிறது’ என்றால் எல்லாத் துறைக்கும் இருக்கிறது என்று பொருளில்லை. எலும்புக்கு அங்கீகாரம் இருக்கும், இதயத்துக்கு இருக்காது. சில ஆபரேஷன்களை அரசு ஆஸ்பத்திரிகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். வள்ளியூரிலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ வண்டி பிடித்து வந்தபின் இது தெரிந்தால் அலைச்சல்தான் மிச்சம். கிளம்புமுன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆஸ்பத்திரி பெயரையும் ஆபரேஷன் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

“திட்டத்துல வர்ற பிளேட்டு சுமார் ரகம், நல்லது வேணும்னா தனியா 20,000 கட்டுங்க” என்கிறார்கள். கட்டலாமா?

எலும்பில் வைக்கும் பிளேட்டும் ஸ்க்ரூவும் பேக்கேஜுக்குள் அடக்கம். கட்ட வேண்டியதில்லை. “அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்” என்று பணிவாகக் கேளுங்கள். அதே ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டைக்கென இருக்கும் மேசையிலும் சொல்லுங்கள். அங்கும் தீராவிட்டால் மேலே சொன்ன எண்ணில் புகார் கொடுங்கள். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் கொடுக்கலாம். வேறு வழியின்றிக் கட்டிவிட்டால் ரசீதை விடாதீர்கள். துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுத்த தொகைக்குப் பின்னால் எந்த ஆதாரமும் நிற்காது.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, அங்கே எதுக்கு அட்டை?

பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் 1965 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அட்டை இல்லாமலும் ஆபரேஷன் செய்வார்கள். ஆனாலும் அட்டையைக் கொடுங்கள். அந்தக் காப்பீட்டுத் தொகை ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேரும். உள்ளே வைக்கும் கருவிகள், வார்டுக்கு வேண்டிய சாமான்கள் வாங்க அது உதவும். உங்கள் ஆபரேஷனுக்கு வேண்டிய இம்ப்ளான்ட் கையிருப்பில் இல்லையென்றால் அதை வாங்குவதும் அட்டை இருந்தால் சுலபம். உங்களுக்குப் பைசா செலவில்லை, அடுத்து வருகிறவருக்கும் நன்மை.

தனியார் பாலிசியில் “ரூம் வாடகை 1 சதவீதம்” என்று போட்டிருக்கு. கூடுதல் வாடகையை மட்டும் கையிலிருந்து கட்டினால் போதுமா?

போதாது. இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளாமல் ஏமாந்த குடும்பங்கள்தான் அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாலிசி 3 லட்சம், அறைக்கு ஒரு நாளைக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். நீங்கள் எடுத்தது 4,800 ரூபாய் ஏசி அறை, 4 நாள். பில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: அறை 19,200; சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் சேர்த்து 1,00,000; மருந்தும் பரிசோதனைகளும் 40,000. மொத்தம் 1,59,200.

3,000-ஐ 4,800-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம். கம்பெனி அறைக்கு 12,000 தரும். அதோடு நிற்காது, சர்ஜன், தியேட்டர் வகையறாவிலும் அதே 62.5 சதவீதம்தான், 62,500 மட்டும். விகிதாசாரப் பிடித்தம் என்பது இதுதான். மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை ஆகியவற்றில் இந்தப் பிடித்தம் செய்யக்கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி, ஐ.சி.யூ. கட்டணத்திலும் கூடாது. ஆக 40,000-த்தில் கையுறை, டயப்பர் போலக் கம்பெனி பணம் தராத சாமான்கள் 4,000 போக 36,000 கிடைக்கும். கம்பெனி தருவது 1,10,500. உங்கள் பங்கு 48,700.

அறையில் கூடிய வாடகை 7,200 மட்டும். அதனால் இழந்தது சேர்த்து 44,700. 3,000 ரூபாய் அறையிலேயே இருந்திருந்தால் கையிலிருந்து போவது ஏறக்குறைய அந்த 4,000-தான். பல ஆஸ்பத்திரிகளில் அறை வகை ஏறினால் சர்ஜன் கட்டணமும் ஏறும் என்பதால் உண்மையில் வித்தியாசம் இன்னும் கூடும். எல்லா அறைக்கும் ஒரே கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரியில் இந்த விகிதப் பிடித்தம் செய்யக்கூடாது. அப்படிச் செய்திருந்தால் ஆஸ்பத்திரியின் கட்டணப் பட்டியலை வைத்து மறுக்கலாம்.

உங்கள் வகை அறை காலியில்லை என்று சொல்லி மேல்வகை அறையைத் தந்தால், ‘தகுதியான அறை இல்லாததால் கொடுக்கப்பட்டது’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காலியானதும் மாற்றச் சொல்லுங்கள். ஐ.சி.யூ. அல்லாத அறைக்கு நாள் வாடகை 5,000-க்கு மேல் போனால் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும்.

கேஷ்லெஸ் அனுமதி எவ்வளவு நேரத்தில் வரணும்?

2024 மே மாதம் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும் முறை) கோரிக்கை வந்த 1 மணி நேரத்துக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று இறுதிப் பில் போய்ச் சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதல் வாடகை போட்டால் அது கம்பெனியின் பொறுப்பு.

நடைமுறையில் நேரம் வேறோர் இடத்தில் போகிறது. டாக்டர் காலை ரவுண்டில் “வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லிவிடுவார். டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாகி, மருந்துக் கணக்கு முடிந்து, பில் இன்சூரன்ஸ் மேசையிலிருந்து புறப்பட மதியம் தாண்டிவிடும். 3 மணி நேரக் கடிகாரம் அங்கிருந்துதான் ஓடும். எனவே மேசையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “எத்தனை மணிக்கு அனுப்பினீங்க?” முந்தைய நாள் மாலையே சம்மரியைத் தயார் செய்யச் சொல்லி, திரும்பக் கொடுக்க வேண்டிய மருந்துகளைக் கொடுத்துவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் சேருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே படிவத்தை அனுப்பச் சொல்லுங்கள். முதலில் வரும் அனுமதித் தொகை முன்பணம் போன்றது; இறுதித் தொகை பில்லைப் பார்த்துத்தான் வரும்.

பெயர்ப் பொருத்தத்தையும் அன்றே பார்த்துவிடுங்கள். நம் பக்கத்தில் இசக்கி என்ற பெயரை இங்கிலீஷில் ஐ போட்டும் எழுதுவார்கள், ஈ போட்டும் எழுதுவார்கள். ஆதாரில் ஒரு விதம், பாலிசியில் இன்னொரு விதம், இனிஷியல் ஒன்றில் முன்னால், மற்றதில் பின்னால். இந்த ஒரு காரணத்துக்காகவே அனுமதி மணிக்கணக்கில் நின்றுவிடும். பாலிசியில் திருத்தம் செய்யச் செலவில்லை, மனுவும் ஆதார் நகலும் போதும்.

சுகர் இருப்பதைச் சொன்னால் கிளெய்ம் போய்விடும் என்கிறார்கள். சொல்லாமல் விடலாமா?

விடவே கூடாது. மயக்க மருந்து டாக்டர் உங்கள் உயிரைக் கையில் வைத்திருப்பவர். சுகர், பிரஷர், ஆஸ்துமா, இதயத்தில் வைத்த ஸ்டென்ட், தினமும் போடும் மாத்திரை எதையும் அவரிடம் மறைக்காதீர்கள். காசுக்குப் பயந்து உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சுகர் மாத்திரைகளை ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் பட்டினியோடு தியேட்டருக்குப் போனால் சுகர் அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. மாத்திரை அட்டைகளை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குறிப்பாக ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தானாக விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம்.

கிளெய்ம் கெடுவது பெரும்பாலும் உண்மையைச் சொன்னதால் நேர்வதில்லை. வருஷக் கணக்கைத் தப்பாக எழுதியதால் நேர்கிறது. அவசரத்தில் பாட்டியோடு வந்த பேரன் “ரொம்ப வருஷமா சுகர் இருக்கு” என்பான். பயிற்சி டாக்டர் ‘10 வருடம்’ என்று எழுதிவிடுவார். உண்மையில் 3 வருடமாகவே இருக்கும். பாலிசி எடுத்த தேதிக்கு முன்னா பின்னா என்பதுதான் கம்பெனிக்கு வேண்டும். முதலில் எப்போது கண்டுபிடித்தார்கள் என்ற பழைய சீட்டை எடுத்துப்போய்ச் சரியாகச் சொல்லுங்கள். தவறாக ஏறிவிட்டால் சிகிச்சை அளித்த டாக்டரிடமிருந்து முத்திரையோடு திருத்தக் கடிதம் வாங்கலாம். கேஸ் ஷீட்டில் (ஆஸ்பத்திரியின் சிகிச்சைக் குறிப்பேட்டில்) அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள், அது சந்தேகத்தைத்தான் கூட்டும்.

காத்திருப்புக் காலம் எவ்வளவு?

பாலிசி எடுத்த முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதற்கும் கிடைக்காது. ஏற்கெனவே இருந்த நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம். கண்புரை, குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல், கர்ப்பப்பை நீக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் 24 மாதம். தொடர்ந்து 60 மாதம் புதுப்பித்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய ‘முன்பே சொல்லவில்லை’ என்று மறுக்க முடியாது. புதுப்பிக்கும் தேதியும் அதன்பின் தரும் சலுகை நாட்களும் தாண்டிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் அறுந்துபோகும்.

எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கட்டிடத்தைப் பார்த்தா?

கட்டிடத்தில் ஒன்றும் தெரியாது. ஐந்தாறு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலில் தெரியும். கேட்பது டாக்டரை அவமதிப்பதாகாது. நன்றாகச் செய்கிறவர்கள் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள்.

இந்த ஆபரேஷனை மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷன் முடியும்வரை இருப்பாரா, முந்தைய நாள் வந்து பார்ப்பாரா? ரத்தம் வேண்டுமானால் எங்கிருந்து வரும், எவ்வளவு நேரமாகும்? வென்டிலேட்டர் இங்கேயே இருக்கிறதா, அல்லது சிக்கலானால் வேறிடம் அனுப்புவீர்களா? ராத்திரி வார்டில் யார் இருப்பார்கள்?

கடைசிக் கேள்வி நம் வட்டாரத்தில் மிக முக்கியம். வெளியூர் சர்ஜன் ஞாயிற்றுக்கிழமை வந்து நாலைந்து ஆபரேஷன் செய்துவிட்டு ராத்திரி ரயிலேறிவிடும் ஏற்பாடு சிற்றூர் ஆஸ்பத்திரிகளில் உண்டு. கைத்திறன் நன்றாகவே இருக்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை வயிறு வீங்கினால் யார் பார்ப்பது? இங்கே பொறுப்பேற்கும் சர்ஜன் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அவரையும் முன்கூட்டியே பாருங்கள்.

தியேட்டருக்குள் நடப்பதில் மூன்றை நீங்கள் கவனிக்க முடியும்.

ஒன்று, உலகச் சுகாதார நிறுவனத்தின் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல். மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு வெளியே வரும் முன் என மூன்று முறை எல்லாரும் நின்று பெயர், ஆபரேஷன், எந்தப் பக்கம், பஞ்சுக் கணக்கு ஆகியவற்றைச் சொல்லிச் சரிபார்ப்பது. எட்டு நாடுகளில் எட்டு ஆஸ்பத்திரிகளில் இதைச் சோதித்து 2009-ல் வெளியான ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்தன. “பட்டியல் போடுவீங்களா?” என்று கேளுங்கள். நர்ஸ் திரும்பத் திரும்ப உங்கள் பெயரைக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள், அது நல்ல அடையாளம்.

இரண்டு, ஆன்டிபயாடிக் ஊசி. கத்தி வைப்பதற்கு முந்திய 1 மணி நேரத்துக்குள் போட்டால்தான் வெட்டும் இடத்தில் மருந்து போதிய அளவு இருக்கும். முந்தைய நாள் இரவே போட்டுவிடுவதில் பயனில்லை. சுத்தமான ஆபரேஷன்களுக்கு அதன்பின் 24 மணி நேரத்துக்கு மேல் தொடரத் தேவை பெரும்பாலும் இல்லை. ஐந்து நாள் விலையுயர்ந்த ஊசி எழுதினால் காரணம் கேட்கலாம்; அது பில்லை ஏற்றும், கிருமிகளுக்கும் மருந்து பழகிப்போகும்.

மூன்று, முடி நீக்குவது. பிளேடால் மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். தேவையானால் கிளிப்பரால் வெட்டுவதே சரி. வீட்டில் முந்தைய நாள் நீங்களே மழித்துக்கொண்டு போகாதீர்கள்.

இவ்வளவும் சொல்லக் காரணம், தையலில் சீழ் வைப்பதுதான் இருக்கும் செலவுகளிலேயே பெரியது. இரண்டாவது அட்மிஷன், இரண்டாவது ஆபரேஷன், கூலிக்குப் போகமுடியாத மாதங்கள். காப்பீடு அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். சுகர் உள்ளவர்கள் அவசரமில்லாத ஆபரேஷனை இரண்டு மூன்று வாரம் தள்ளிவைத்துச் சுகரைக் கட்டுக்குள் கொண்டுவருவது எந்தத் தள்ளுபடியையும் விட லாபம். பீடி, சிகரெட்டை 4 வாரம் முன்பே விட்டால் காயமும் ஆறும், நெஞ்சுச் சளியும் குறையும்.

பட்டினி எத்தனை மணி நேரம்?

இட்லி, இடியாப்பம் போன்ற லேசான உணவு 6 மணி நேரம் முன்புவரை. பிரியாணி, பரோட்டா என்றால் 8. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை. பால் கலந்த காப்பி உணவுக் கணக்கில் சேரும். உங்கள் டாக்டர் வேறு சொன்னால் அதுவே சரி.

விபத்தில் அடிபட்டு வந்தால் அட்டை தேடணுமா?

வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பதிவான ஆஸ்பத்திரிகளில் இலவசம். அட்டையோ வருமானச் சான்றோ தேவையில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள்.

பில்லில் எதைப் பார்க்கணும்?

‘மருந்துகள் 38,450’ என்று ஒற்றை வரியாக வந்தால் ஏற்காதீர்கள், வரி வரியாகப் பிரித்த பில் கேளுங்கள். பேக்கேஜ் என்று பேசியிருந்தால் தியேட்டர் கட்டணம் மறுபடி தனியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டென்ட், மூட்டு, கண் லென்ஸ் எதுவானாலும் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரும் தனி இன்வாய்ஸும் வேண்டும். ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் அரசு 2017-ல் உச்ச விலை கொண்டுவந்தது. கோபால்ட் குரோமியம் முழங்காலுக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய். விலை அவ்வப்போது திருத்தப்படுவதால் நடப்பு விலையை தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் தளத்தில் பார்க்கவும்.

வீட்டுக்கு வந்தபின் பத்தியம் இருக்கணுமா?

“முட்டை, மீன், பருப்பு சாப்பிட்டா தையல் சீழ் வைக்கும்” என்று ஆச்சிமார் தடுப்பார்கள். அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் காயம் ஆறப் புரதம் வேண்டும். ரசஞ்சோற்றில் நாள் தள்ளினால் தையல் ஆறத் தாமதமாகும். டாக்டர் குறிப்பாகத் தடுக்காதவரை முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எல்லாம் நல்லது. காயத்தில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், திருநீறு எதுவும் வேண்டாம். தையல் முழுக்க ஆறும்வரை தாமிரபரணியிலோ குளத்திலோ இறங்கிக் குளிக்காதீர்கள்.

காய்ச்சல், காயத்தைச் சுற்றிச் சிவப்பு, நீர் அல்லது சீழ், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சிரைப்பு: இவற்றில் எது வந்தாலும் மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக்கூடாது. இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு 90 நாள்வரையும் தொற்று தெரியவரலாம்.

பெரும்பாலான பாலிசிகளில் சேர்வதற்கு முந்திய 30 நாள், வந்தபின் 60 நாள் செலவும் கிடைக்கும். மருந்துக்கடையில் நோயாளி பெயர் போட்ட பில்லும், அதற்கான டாக்டர் சீட்டும் சேர்த்து வையுங்கள்.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். அடுத்து?

மறுப்பை எழுத்தில், பாலிசியின் எந்த விதிப்படி என்ற குறிப்போடு வாங்குங்கள். கம்பெனிக்குள் இருக்கும் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் கிளெய்மை மறுக்கக்கூடாது. பிறகு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் 155255 எண்ணிலும் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனுக்கு (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) ஓராண்டுக்குள் எழுதுங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம்வரை தீர்ப்புச் சொல்ல அதிகாரம் உண்டு.

சிகிச்சையிலேயே குறை என்றால் ஆம்புட்ஸ்மேன் பார்க்க மாட்டார். அதற்குத் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 ஆண்டுக்குள். எதற்குப் போனாலும் கேஸ் ஷீட் நகல் வேண்டும். எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. மனுவின் நகலில் ‘பெறப்பட்டது’ என்று தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். 72 மணி நேரம் அந்த முத்திரையிலிருந்துதான் எண்ணப்படும்.